கார்டா, கவரா?

எங்கள் குடும்பத்தில் மொத்தம் 87 பேர். இவ்வளவு திட்டமாகக் கணக்கு எப்படித் தெரியும் என்று நேயர்கள் கேட்கலாம். நான் ஒன்றும் வீடு வீடாகப் போய் எண்ணவில்லை. கைப்பேசியில் எங்கள் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவைத் திறந்தால், பெயருக்குக் கீழேயே எத்தனை பேர் என்று போட்டிருக்கும். 88 பேர் இருந்தோம். ஒருத்தி போய்விட்டாள். போனதற்குக் காரணம் அடியேன்தான். அந்தக் கதையைச் சொல்லத்தான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். தபால் இலாகாவில் 38 வருஷம் குப்பை கொட்டியவன். காவேரிக் கரையில் ஒரு சின்ன ஊரில் ஸப் போஸ்ட்மாஸ்டராக இருந்து 2012-இல் ஓய்வு பெற்றேன். மறு வருஷம், 2013 ஜூலையில், தந்தியும் ஓய்வு பெற்றுவிட்டது. "உங்களைப் பிரிந்து அதற்கு இருக்க முடியவில்லை போலிருக்கிறது" என்று என் சம்சாரம் பரிகாசம் செய்தாள்.

இந்தத் தேசத்தில் தபால் கார்டு பிறந்தது 1879-ஆம் வருஷம் ஜூலை முதல் தேதி. விலை காலணா. காலணாவுக்கு இத்தனை தூரம் செய்தி போகும் என்றால் அதில் ஒரு குறை இருக்கத்தானே வேண்டும்? கார்டுக்கு மூடி கிடையாது. பெட்டியைத் திறக்கிறவர், முத்திரை குத்துகிறவர், பையில் கட்டுகிறவர், ரயிலில் பிரிக்கிறவர், தெருவில் கொடுக்கிறவர், கொடுக்கும்போது பக்கத்துத் திண்ணையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கிறவர், எல்லோரும் படிக்கலாம். இது ஜனங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆகையால் கார்டில் "இவ்விடம் யாவரும் சௌக்கியம், அவ்விட சௌக்கியத்திற்குப் பதில்" என்று எழுதினார்கள். மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு போன சமாசாரத்தைக் கவரில் எழுதி, போதாததற்கு நாலு பக்கமும் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகள் என்னிடம் வந்து, "இது கார்டிலே எழுதற விஷயம் இல்லீங்க, கவரிலே எழுதிக் கொடுங்க" என்பார்கள். அந்தப் பேதம் தெரிவதற்குப் பள்ளிக்கூடம் போக வேண்டியிருக்கவில்லை.

எங்கள் ஆபீஸில் ஒரு தபால்காரர் இருந்தார். ஒரு நாள் மத்தியானம் பட்டுவாடா முடிந்து வந்தவர் பையில் ஒரு கார்டு மிச்சம் இருந்தது. விலாசம் சரியாகத்தான் இருந்தது. "ஏனய்யா கொடுக்கவில்லை?" என்று கேட்டேன்.

"அந்த அம்மா அப்பத்தான் இலை முன்னாலே உட்கார்ந்தாங்க, சார். கார்டு மூலையிலே மை தடவியிருக்கு. சாயங்காலம் வீட்டுக்குப் போறப்போ கொடுத்துட்டுப் போறேன்" என்றார்.

மூலையில் கறுப்பு மை என்றால் சாவுச் செய்தி. அந்தக் கார்டை வீட்டுக்குள் கொண்டு போகக் கூட மாட்டார்கள். வாசலிலேயே படித்துக் கிழித்துவிடுவார்கள். அப்போது அமலில் இருந்த 1898-ஆம் வருஷத்துத் தபால் சட்டத்தில், தபாலைப் பிரித்த சிப்பந்திக்கு என்ன தண்டனையோ, வேண்டுமென்றே தாமதம் செய்தவனுக்கும் அதே தண்டனை: இரண்டு வருஷம் வரை சிறைவாசம். சட்டப்படி நான் ரிப்போர்ட் எழுதியிருக்க வேண்டும். மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தேன். அவர் வெளியே போகும் வரையில் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

இப்படிப்பட்ட மனிதர்களோடு 38 வருஷம் பழகியவனுக்கு, எந்தச் செய்தியை யாரிடம் எப்போது சேர்ப்பது என்று தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

* * *

குழுவை ஆரம்பித்தவன் என் அண்ணன் பிள்ளை. வயதில் மூத்தவன் என்று என்னையும் ஒரு நிர்வாகியாகப் போட்டான். உத்தியோகம் போய்ப் பல நாள் கழித்து மறுபடியும் ஒரு நாற்காலி கிடைத்தது போல் எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. காலையில் காப்பிக்கு முன்னால் ஒரு தாமரைப் பூப் படத்துடன் "இனிய காலை வணக்கம்." அப்புறம் ஒரு பொன்மொழி. அப்புறம் முருங்கைக் கீரையின் மகிமை. நம் தேசிய கீதத்தை உலகத்திலேயே சிறந்தது என்று யுனெஸ்கோ அறிவித்துவிட்டது என்ற செய்தியை நான் மட்டும் நாலு தடவை அனுப்பியிருக்கிறேன். யுனெஸ்கோ அப்படி எதையும் அறிவிக்கவே இல்லை என்று என் பிள்ளை சொன்ன பிறகும், "நல்ல விஷயந்தானே, இருந்துவிட்டுப் போகட்டும்" என்று ஐந்தாவது தடவையும் அனுப்பினேன். பொய்யான செய்தி எல்லாமே இவ்வளவு சாதுவாக இருப்பதில்லை. 2018-இல் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தி இப்படிக் கைக்குக் கை பறந்து, ஒரு பாவமும் அறியாத வழிப்போக்கர்களைப் பல ஊர்களில் அடித்தே கொன்றுவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் நம் தேசத்தில் ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் தள்ளிவிட முடியாதபடி கம்பெனிக்காரர்கள் கட்டுப்பாடு போட்டார்கள். நமக்கு நாமே போட்டுக்கொள்ளாத கடிவாளத்தை யந்திரம் போட்டது.

சண்டைக்கும் குறைவில்லை. 2014-இல் செய்திக்குப் பக்கத்தில் நீல நிறக் குறி போட ஆரம்பித்தார்களே, அதைப் போல் கலகம் விளைவித்த நிறம் வேறு கிடையாது. "படித்துவிட்டுப் பதில் போடவில்லை, நான் என்ன அவ்வளவு மட்டமா?" என்று எங்கள் பெரிய சம்பந்தி ஆறு மாதம் பேசாமல் இருந்தார். தபாலில் இந்த அவஸ்தை இல்லை பாருங்கள். "கடிதாசு வந்து சேரவில்லை" என்று ஒரு பொய் சொல்லி இரண்டு குடும்பங்களைச் சேர்த்து வைக்கலாம். எத்தனை கல்யாணம் அந்தப் பொய்யால் நடந்திருக்கிறது என்பது தபால் இலாகாவுக்குத்தான் தெரியும்.

சித்தி ஒருத்தி, மன்னார்குடிப் பெரியவர் காலமான செய்திக்குக் கீழே, கண்ணில் ஜலம் வர வர விழுந்து விழுந்து சிரிக்கிற மூஞ்சியை ஏழு தடவை போட்டுவிட்டாள். கண்ணீர் தெரிகிறதே, அழுகிற மூஞ்சி என்று நினைத்துவிட்டாள், பாவம். அந்த மூஞ்சிகளுக்கெல்லாம் மூல புருஷன் எது தெரியுமோ? 1982 செப்டம்பர் 19-ஆம் தேதி, அமெரிக்காவில் கார்னெகி மெல்லன் சர்வகலாசாலையில் ஸ்காட் ஃபால்மன் என்கிற ஆசாமி சொன்ன யோசனைதான். அங்கே கம்ப்யூட்டரில் ஒரு அறிவிப்புப் பலகை மாதிரி வைத்துக்கொண்டு சம்பாஷித்துக்கொண்டிருந்தார்கள். லிப்டைப் பற்றி யாரோ வேடிக்கையாக எழுதினதைச் சிலர் நிஜமான எச்சரிக்கை என்று எடுத்துக்கொண்டார்கள். இனிமேல் வேடிக்கைக்குப் பக்கத்தில் ஒரு முக்காற்புள்ளி, ஒரு சின்னக் கோடு, ஓர் அடைப்புக்குறி மூன்றையும் போடுங்கள்; தலையைச் சாய்த்துப் பார்த்தால் சிரிக்கிற முகமாகத் தெரியும் என்றார் அவர். முகம் பார்க்காமல் பேசினால் ஆபத்து என்பது ஆரம்ப நாளிலேயே அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

ரகசியத்தைப் பற்றியும் எனக்குப் பலமான அபிப்பிராயம் இருந்தது. 2017 ஆகஸ்டு 24-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் ஒரு முகமாகத் தீர்ப்புச் சொன்னார்கள்: அந்தரங்கம் என்பது குடிமக்களின் அடிப்படை உரிமை. 2012-இல் வழக்குத் தொடுத்த கே. எஸ். புட்டசாமி, கர்நாடக ஹைகோர்ட்டில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். அப்போதே எண்பதைத் தாண்டியவர். ஓய்வு பெற்ற பிறகும் இப்படி ஒரு காரியம் செய்யலாமா என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தச் செய்தியைக் குழுவில் போட்டு, "மகாஜனங்களே, விழித்துக்கொள்ளுங்கள்! சர்க்காரோ கம்பெனியோ நம் வீட்டு விஷயத்தில் தலையிட முடியாது" என்று ஒரு பிரசங்கமே எழுதினேன். இந்த வாட்ஸ்அப்பில் 2016 முதல் ஒவ்வொரு செய்திக்கும் பூட்டுப் போட்டு அனுப்புகிறார்களாம். நடுவில் இருக்கும் கம்பெனியால் கூட உள்ளே எழுதியிருப்பதைப் படிக்க முடியாதாம். இத்தனை பந்தோபஸ்து எங்கள் தபால் பைக்குக் கூடக் கிடையாது என்று வியந்து போனேன்.

ஒரே பூட்டுக்கு 88 சாவி இருக்கிறது என்பது மட்டும் என் புத்திக்கு எட்டவில்லை.

* * *

என் தங்கை மகள் ஒருத்தி. பெயர் சொல்ல மாட்டேன். பெங்களூரில் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணமாகி நாலு வருஷம். அந்தத் தடவை குலதெய்வம் கோவிலுக்குக் குடும்பத்தோடு வேன் வைத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு. ஏற்பாட்டுக்கு நான்தான் தலைவர். அவள் எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினாள். குழுவில் அல்ல, எனக்கு மட்டும். "மாமா, என்னால் வேனில் வர முடியாது. ஏழு வாரம் ஆகிறது. டாக்டர் ஜாக்கிரதையாக இருக்கச் சொல்கிறார். அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். இப்போதைக்கு யாரிடமும் சொல்லாதீங்க."

கவரில் வைத்து, நாலு பக்கமும் ஒட்டி அனுப்பிய கடிதாசு அது. எனக்குச் சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை. ஆனால் சம்சாரத்திடம் கூட மூச்சு விடவில்லை. ஒன்பது நாள் காப்பாற்றினேன். இதை எழுதுவது பெருமைக்காக அல்ல. ஒன்பது நாள் காப்பாற்ற முடிந்தவன் பத்தாவது நாள் ஏன் கோட்டை விட்டான் என்று இன்னும் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பத்தாவது நாள் ராத்திரி பத்து மணிக்கு, வேனில் வருகிறவர்கள் ஜாபிதாவைக் குழுவில் போட்டேன். உடனே என் தஞ்சாவூர் மச்சினர், "பெங்களூர் அம்மாள் வரவில்லையாக்கும்? சம்பளம் ஏறினால் குலதெய்வம் இறங்கிவிடும் போலிருக்கிறது" என்று ஒரு போடு போட்டார். அதற்கு இரண்டு பேர் சிரிக்கிற மூஞ்சி. மூன்றாவது ஆசாமி, "இந்தக் காலத்துப் பெண்கள்..." என்று ஆரம்பித்தார். எனக்கு ரத்தம் கொதித்தது. அந்தக் குழந்தை ஒன்றும் பேசாமல் இருக்கிறாளே, அவளுக்காகப் பரிந்து பேச நான் இல்லையா? விரல் நடுங்க நடுங்கத் தட்டினேன்: "அவள் இப்போது இரண்டு உயிர். வாய்க்கு வந்ததைப் பேசுகிறவர்கள் வெட்கப்பட வேண்டும்."

மச்சினர் வாய் அடைத்துப் போனார். ஐந்து நிமிஷத்தில் 41 வாழ்த்து. பூச்செண்டு, தொட்டில், பால் புட்டி என்று படங்கள். ஒரு யுத்தத்தில் ஜயித்தவன் மாதிரி கைப்பேசியை என் சம்சாரத்திடம் நீட்டினேன். அவள் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி, என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"இதைச் சொல்லும்படி அவள் சொன்னாளா?"

கொஞ்ச நேரத்தில் பெங்களூரிலிருந்து எனக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது. ஒரே ஒரு வார்த்தை. "மாமா." அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

மூன்று வாரம் கழித்து அந்தக் கரு தங்கவில்லை.

இதில் யார் தப்பும் கிடையாது என்று டாக்டர் அவளுக்கு நிதானமாக எடுத்துச் சொன்னாராம். கர்ப்பம் என்று நிச்சயமாகத் தெரிந்த பிறகும் நூற்றில் பத்து முதல் இருபது வரை இப்படி ஆரம்பத்திலேயே போய்விடுகிறது. அதில் சரிபாதிக்குக் கருவின் குரோமோசோம் அமைப்பிலேயே கோளாறு. தாயார் ஓடியதாலோ உட்கார்ந்ததாலோ அல்ல. நம் பாட்டிமார்கள் "மூன்று மாசம் முடியட்டும், வெளியே சொல்லலாம்" என்பார்களே, திருஷ்டி என்று அதற்கு ஒரு காரணமும் சொல்வார்களே, அதை மூடநம்பிக்கை என்று நான் சிரித்ததுண்டு. அவர்கள் எதற்குச் சொன்னார்கள் என்று இப்போது தோன்றுகிறது. தங்காமல் போனால், இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டால் போதும். ஊருக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

அவள் 87 பேருக்குப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. தினம் யாராவது ஒருவர், "எத்தனை வாரம்? மசக்கை உண்டா?" என்று குழுவில் கேட்டுக்கொண்டிருந்தார்கள் அல்லவா? தாங்க முடியாமல் என் தங்கை ஒரு நாள் நடந்ததை எழுதிவிட்டாள். அவ்வளவுதான். அனுதாபத்தில் ஆரம்பித்து விசாரணையில் போய் முடிந்தது. எந்த டாக்டர்? ஸ்கூட்டரில் போனாளா? மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு வேலை பார்த்தாளா? "பப்பாளிப் பழம் சாப்பிட்டிருப்பாள்" என்று ஒரு அத்தை. "எள்ளுருண்டை" என்று இன்னொரு அத்தை. இரண்டு அத்தைகளுக்கும் பப்பாளியா எள்ளா என்று ஒரு வாக்குவாதம் மூண்டு, பதினேழு செய்தி வரைக்கும் போயிற்று. யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது, சத்தியமாகச் சொல்கிறேன். எல்லோரும் ஐம்பது, அறுபது, எழுபது வயதைக் கண்டவர்கள். நேரில் அவள் வீட்டுக்குப் போயிருந்தால், அந்தத் தபால்காரர் மாதிரி, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். முகத்தைப் பார்த்தால் வராத வார்த்தை, கண்ணாடிச் சில்லைப் பார்த்தால் வந்துவிடுகிறது.

மறுநாள் விடியற்காலையில், விஷயமே தெரியாத ஒரு மாமா வழக்கம் போல் காலை வணக்கம் அனுப்பினார். படத்தில் ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது.

அதற்குக் கீழே, சின்னச் சாம்பல் நிற எழுத்தில், அவள் பெயரைப் போட்டு, வெளியேறினார் என்று இருந்தது.

* * *

"என்னுடைய அந்தச் செய்தியை அழித்துவிடு" என்று என் பிள்ளையிடம் கைப்பேசியைக் கொடுத்தேன். அவனுக்குக் கம்ப்யூட்டர் உத்தியோகம். எல்லோர் கைப்பேசியிலிருந்தும் நாம் அனுப்பியதை எடுக்க முடியும். ஆனால் அதற்கு ஒரு கெடு உண்டாம். 2022-இல்தான் அந்தக் கெடுவை இரண்டு நாளும் சொச்சமுமாக நீட்டினார்களாம். நானோ மூன்று வாரம் தாண்டி வந்திருக்கிறேன். "அழித்தாலும் என்ன அப்பா? படித்தவர்கள் மனசிலிருந்து எடுக்க வழியில்லையே" என்றான்.

அப்புறம் ஒரு பழைய தஸ்தாவேஜைக் காட்டினான். கம்ப்யூட்டர் வழியாகக் கடிதம் எழுதுகிறவர்களுக்கும், குழுவாகச் சம்பாஷிக்கிறவர்களுக்கும் மரியாதை முறைகள் என்று 1995-ஆம் வருஷமே அச்சிட்டு வைத்திருக்கிறார்கள். வாட்ஸ்அப் தோன்றுவதற்குப் பதினான்கு வருஷம் முன்னால்! புதிதாக ஒரு குழுவில் சேர்ந்தால் ஒன்றிரண்டு மாதம் வாயைத் திறக்காமல் மற்றவர்கள் எழுதுவதைப் படி என்கிறது ஒரு விதி. கோபம் வந்தால் அன்று பதில் போடாதே, ராத்திரி தூங்கி எழுந்து போடு என்கிறது இன்னொன்று. மூன்றாவது ஒன்றைப் படித்தபோது எனக்கு வியர்த்துவிட்டது. தபால் கார்டில் எதை எழுத மாட்டாயோ, அதைக் கம்ப்யூட்டர் கடிதத்திலும் எழுதாதே என்று இருக்கிறது. 38 வருஷம் கார்டிலேயே முத்திரை குத்திக்கொண்டிருந்தவனுக்கு, கார்டைப் பற்றி அமெரிக்காக்காரர்கள் பாடம் சொல்ல வேண்டியிருக்கிறது!

அவளுக்கு ஒரு கடிதம் எழுதினேன், இன்லண்டில். குழுவில் மன்னிப்புக் கேட்கலாமா என்று முதலில் யோசித்தேன், "ஊரைக் கூட்டி இன்னொரு தடவையா?" என்று சம்சாரம் தடுத்தாள். கடிதத்துக்குப் பதில் வரவில்லை. நாலு மாதம் கழித்துப் பொங்கலுக்கு அவளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. "கரும்பு வெட்டித் தரட்டுமா?" என்று கேட்டேன். "கொடுங்க மாமா" என்றாள். அவ்வளவுதான்.

குழுவில் சொன்னதே தப்பு என்றால் பத்திரிகையில் எழுதுவது மட்டும் சரியா என்று நேயர்கள் கேட்பது என் காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. எழுதியவுடன் முதலில் அவளுக்குத்தான் அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து, "போடுங்க மாமா. பேர் வேண்டாம், ஊரை மாற்றிவிடுங்க. பப்பாளி அத்தையை மட்டும் கட்டாயம் எழுதுங்க" என்றாள். ஆகையால்தான் பெங்களூர் என்று வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஒரே ஒரு வாக்கியத்தை எடுக்கச் சொன்னாள், எடுத்துவிட்டேன்.

இப்போது குழுவில் ஏதாவது சொல்லத் தோன்றினால் முதலில் ஒரு காகிதத்தில் எழுதி, பஞ்சாங்கத்துக்கு அடியில் வைத்துவிடுகிறேன். காலையில் பல் தேய்த்துவிட்டு வந்து படிப்பேன். பத்தில் எட்டுக் காகிதம் வெந்நீர் அடுப்புக்குப் போகிறது. மச்சினருக்கு எழுதினவை பத்தில் பத்தும் போகின்றன.

அவள் குழுவுக்குத் திரும்பி வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. ஆனால் சில ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் போன் செய்கிறாள். போன வாரம் அரை மணி நேரம் பேசினாள். பேசி முடித்ததும், சமையலறையிலிருந்து, "யாரு? என்னவாம்?" என்று சம்சாரம் கேட்டாள்.

"பெங்களூரில் மழையாம்" என்றேன்.